கைபேசியில் பார்த்த செத்த வீடுகள்

சென்ற ஆண்டு ஆடி மாதம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்த நாட்களில் வேலணையில் என் வீட்டில் தொடங்கி, பக்கத்துத் தீவான புங்குடுதீவில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் முடிந்த அனுபவம் இது.

நான் அதிகம் பேசிப் பழகாதவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. பாடசாலைச் சீருடைகள் தைத்துக் கொடுத்துச் சீவிக்கிறேன். எனக்கென்று இருந்தவன் ஒரு தம்பி மட்டுமே. பிரான்சில் இருந்தான். வேலை முடிந்து வந்ததும் தினமும் அழைப்பான். கைபேசியைத் தையல் மெசினில் சாய்த்து வைத்துவிடுவேன். அவன் அங்கே சமைப்பான், நான் இங்கே தைப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. அவன் சட்டி கழுவும் சத்தம் கேட்டாலே எனக்குப் போதும்.

அந்த ஆண்டுத் தை மாதம் நெஞ்சு வலி வந்து அவன் இறந்துவிட்டான். உடலை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. நான் போகவும் வழியில்லை. இறுதிக் கிரியையைக் கைபேசியில்தான் பார்த்தேன். நடுவில் இணைப்பு அறுந்தது. திரும்பப் படம் வந்தபோது பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அயலவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். உடல் இல்லாத வீட்டில் எப்படி அழுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் போனதும் தைக்க உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. காலையில் கண் விழித்ததும் கைபேசியில் மரண அறிவித்தல்களைத் தேடுவேன். எங்கள் ஆட்களின் செத்த வீடுகளை இப்போது வெளிநாட்டு உறவுகளுக்காக நேரலையில் காட்டுகிறார்கள். ஒன்றைத் திறந்து, தம்பி இருந்த அதே இடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு தைப்பேன். அது முடிந்தால் இன்னொன்று. யாரென்றே தெரியாதவர்கள். ஒருவருக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் வராது, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது. மெல்ல மெல்ல நித்திரை போனது. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மாலை போட்ட முகங்கள் வந்தன. நானும் போய்விட்டால் யாருக்கு என்ன என்ற எண்ணம் அடிக்கடி வரத் தொடங்கியது.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசுவார்.

"பொழுது விடிஞ்சாலும் செத்த வீடு, பொழுது பட்டாலும் செத்த வீடு. உம்மடை போனிலை வேறை படம் ஓடாதோ? கண்ணுக்குக் கீழை பாரும், கரி பூசின மாதிரிக் கிடக்கு."

நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

ஆடியில் ஒரு நாள் காலை, புங்குடுதீவில் ஒரு தாயின் செத்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. என் வயது மதிக்கத்தக்க ஒரு மகள் மட்டும் தலைமாட்டில் இருந்து கைலேஞ்சித் துணியால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்துக் கதிரைகளில் பாதிக்கு ஆள் இல்லை. திடீரென்று அவள் நிமிர்ந்து கமராவைப் பார்த்தாள்.

"அண்ணை, பாக்கிறியளோ? அம்மான்ரை முகம் வடிவாய்த் தெரியுதோ?"

பதிலுக்குக் கும்பிட்ட கைகளின் படங்கள் மட்டும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தம்பியின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று யாராவது, "அக்கா, பாக்கிறியளோ?" என்று என்னையும் இப்படிக் கேட்டிருப்பார்களோ என்று நினைத்தேன். அதன் பிறகு எனக்கு இருக்க ஏலவில்லை. தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, அந்த வழியாகப் போகும் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பந்தலைப் பார்த்து இறங்கிவிட்டேனே தவிர, வாசல் படலைக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. என்ன முறை என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தபோது அந்த மகள் என்னைக் கண்டுவிட்டாள். செத்த வீட்டுக்கு வரும் பெண்களைக் கட்டிப்பிடித்து அழுவது எங்கள் வழக்கம். அவளும் யார் எவர் என்று கேட்காமல் எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ரை அம்மா" என்று அழுதாள். அவளுடைய கண்ணீர் என் தோளில் பட்டது. என் வாயிலிருந்து, "என்ரை தம்பி, என்ரை தம்பி" என்று வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

பின்னால் ஒரு அம்மா யாரிடமோ, "ஆரடி இவ? செத்தது கிழவியெல்லோ, தம்பியெண்டு அழுறா" என்றார்.

"விடுங்கோ மாமி, அவ அழட்டும்," என்று சொன்ன மகள், என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உடலை ஆண்கள் கொண்டுபோனார்கள். பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம். பிறகு அவள் என் பக்கத்தில் வந்து இருந்து, "உங்கடை தம்பி எப்ப தவறிப்போனவர்?" என்று கேட்டாள். அதுவரை யாருக்கும் சொல்லாததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவன் சட்டி கழுவும் சத்தத்தைக்கூடச் சொன்னேன். தன் தாயை அனுப்பிவைத்துவிட்டு வந்திருந்தவள், என் தம்பிக்காகவும் அழுதாள்.

பின்னேரம் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு அக்கா என் வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"எங்கை போனனீர்? மெசின் சத்தம் கேக்கேல்லை. கதவைத் தட்டித் தட்டிப் பாத்துப் பயந்து ஏங்கிப் போனன்."

"செத்த வீட்டுக்கு."

"ஆரின்ரை?"

"தம்பியின்ரை," என்றேன்.

அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலிலேயே இருவரும் இருந்து அழுதோம்.

இப்போது நேரலைகளைப் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தாலும், போகக்கூடிய தூரம் என்றால் செத்த வீட்டுக்கு நேரில் போகிறேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவன் அழைக்கும் நேரம் வந்தால் இன்றும் தையல் ஓடாது, கை சும்மா கிடக்கும். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருத்தி, தன் தாய் கிடந்த வீட்டில் என் துக்கத்துக்கும் இடம் கொடுத்தாள் என்ற நினைவுதான், எழும்ப மனமில்லாத காலைகளில் என்னை எழுப்பிவிடுகிறது.