சார்ஜென்ட் ஓப்பல் கொடுத்த நன்கொடை

எங்கள் லாரிப் பிரிவுக்குத் தலைவி சார்ஜென்ட் ஓப்பல் டகெட். இராக்கிற்கு இரண்டு முறை போய் வந்தவர். மூன்றாம் முறை கிளம்ப ஒரு மாதம் இருந்தபோது, டெக்சாஸில் எங்கள் முகாமின் லாரிக் கொட்டகையில் அவர் மானம் கப்பலேறியது. ஏற்றியவன் கிம்ப்ரெல். அவனும் சார்ஜென்ட்தான். ஆனால் கையைவிட வாய் நீளம்.

அதிபர் தேர்தலுக்கு யார் யார் நன்கொடை கொடுத்தார்கள் என்பதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். வேறு வேலையில்லாத கிம்ப்ரெல் பார்த்தான். போரை நிறுத்திப் படையினரை ஊருக்குக் கூட்டி வருவேன் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்த வேட்பாளருக்கு ஓப்பல் முந்நூறு டாலர் கொடுத்திருந்தார். வேலை செய்யும் இடம் ராணுவம் என்று பளிச்சென்று போட்டிருந்தது.

மதியம் எல்லாரும் பர்கர் மென்றுகொண்டிருக்கும்போது கிம்ப்ரெல் ஆரம்பித்தான்.

“ஏம்மா ஓப்பல், சாப்பாடு இங்க, மொய் அங்கயா?”

“என் காசு, என் ஓட்டு. யூனிஃபார்மோட மேடை ஏறினேனா? இல்லல்ல. சட்டத்துல இடம் இருக்கு. நீ அந்த கெட்சப்பைத் தள்ளு.”

சட்டத்தில் இடம் இருந்தது உண்மைதான். பையன்கள் மனதில்தான் இடம் போயிற்று. போர் வேண்டாம் என்கிறவள் பயந்தாங்கொள்ளியாகத்தான் இருப்பாள், முதல் வெடிச்சத்தத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுவாள் என்று முணுமுணுப்புக் கிளம்பியது. நான் அவருடைய வண்டியை ஓட்டுகிறவன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுட்டுக்கொண்டவருக்குத்தானே தெரியும் நெருப்பின் சூடு?

லெப்டினென்ட் ஓஸ்ட்ரம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார். ஓட்டுநர்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் பிரிவைக் கிம்ப்ரெலிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஓப்பல் முன்னால் வந்தார்.

“அந்த ஆளு உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரேங்கிறாரு. நல்ல காரியமாச்சே, கொடுத்தேன். அவருக்கு அந்த வேலை கிடைக்கிற வரைக்கும் அது என் வேலை. முதல் வண்டியில நான்தான் உக்காருவேன். நான் வேணாங்கிறவன் இப்பவே சொல்லு. அழ மாட்டேன்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. நம்பிக்கை வந்து அல்ல, முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல். லெப்டினென்ட் பிரிவை ஓப்பலிடமே விட்டுவிட்டு, கிம்ப்ரெலைக் கடைசி வண்டியில் போட்டார்.

பாக்தாதுக்கு வடக்கே நாங்கள் வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு ரொட்டிக் கடை உண்டு. தண்ணீர் பாட்டில் கேட்டுச் சிறுவர்கள் எப்போதும் கையாட்டுவார்கள். ஒரு நாள் காலை அங்கே ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. கடையும் சாத்தியிருந்தது.

“நிறுத்து,” என்றார் ஓப்பல். நிறுத்தினேன். பின்னால் எல்லா லாரிகளும் நின்றன.

ரேடியோவில் கிம்ப்ரெல். “என்ன ஓப்பல், தேர்தல் முடியிற வரைக்கும் நிக்கப் போறமா?”

யாரோ சிரித்தார்கள்.

“நிப்போம்,” என்றார் அவர்.

வெடிகுண்டுப் பிரிவை வரச்சொல்லிவிட்டு, சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். நேரம் ஆக ஆக ரேடியோவில் கெட்ட வார்த்தைகள் கூடின. எல்லாம் அவர் காதில் விழுந்தன. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கியவர், அந்தப் பெயருக்கே பயப்படாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பிரிவினர் வந்து, சாலைக்கு அடியில் ஓடும் குழாயில் எதையோ கண்டுபிடித்து, எங்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு வெடிக்க வைத்தார்கள். ஒரு லாரியை முழுசாக விழுங்கும் அளவுக்குப் பள்ளம்.

ரேடியோவில் கிம்ப்ரெலின் குரல் வந்தது.

“கிளம்பலாமா, சார்ஜென்ட்?”

அன்றைக்குத்தான் முதல்முறையாக அவன் அவரை அப்படி அழைத்தான். அதற்குப் பிறகு அவர் நில் என்றால் நின்றோம், போ என்றால் போனோம்.

ஊர் திரும்பிய அன்று முகாமின் விளையாட்டுக்கூடம் முழுக்கக் குடும்பங்கள். கர்னல் பேசிப் பேசிக் கழுத்தறுத்தார். ஒருவழியாகக் கலையலாம் என்றதும் பெண்டாட்டி பிள்ளைகள் வெள்ளமாக எங்கள்மேல் பாய்ந்தார்கள். அந்த வேட்பாளர் எப்போதோ தம் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்று ஒதுங்கியிருந்தார்.

மனைவியை அணைத்தபடி கிம்ப்ரெல் வந்தான். வாய் சும்மா இருக்குமா?

“தோக்குற குதிரைமேல போய்ப் பணம் கட்டிட்டியே, ஓப்பல்.”

“தோத்தது அவருதான். நான் தோக்கல. வேணும்னா எண்ணிப் பாரு.”

கிம்ப்ரெல் கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். அவன் மனைவி ஓப்பலைக் கட்டிக்கொண்டு அழுதாள். போன முப்பத்தொரு பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.