இழுக்காத வண்டியும் அம்மாவின் இடது காலும்

கரும்புகைக்கு ஒரு ருசி உண்டு. அடித்தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு, எத்தனை செம்பு தண்ணீர் குடித்தாலும் இறங்காமல் கசக்கும். எங்கள் பழைய டீசல் காரின் பின்னால் "செத்த நேரம்" நின்றவர்களுக்கெல்லாம் அது தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதினோரு வயது நடந்த அந்தக் கோடை விடுமுறையில், இராஜபாளையத்திலேயே அதிகம் அந்தப் புகையைக் குடித்தவள் நான்தான்.

வண்டி "இழுக்கவில்லை". அதுதான் அதன் நோய். ஆக்ஸிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தாலும் சத்தம் கூடும், புகை கூடும், வேகம் மட்டும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் டவுன் பஸ் எங்களை முந்திக்கொண்டு போகும். அது நிறுத்தத்தில் ஆள் ஏற்றும்போது நாங்கள் அதைத் தாண்டுவோம். அடுத்த நிமிடமே அது மறுபடி எங்களைத் தாண்டும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு டாட்டா காட்டுவார். எனக்கு அவமானத்தில் காது சுடும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அப்பா ஓட்டும்போது இந்த வேகத்துக்குப் பெயர் "நிதானம்". அம்மா ஓட்ட உட்கார்ந்தால் மட்டும் அது "கிளட்ச்சைத் தேய்க்கிறது".

அம்மா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் தம்பி. முந்தின வருஷம் அவன் மாடிப்படியிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டபோது அப்பா மதுரைக்குப் போயிருந்தார். வாசலில் கார் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அவனைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி, பஸ்ஸை மறித்து ஏறினாள் அம்மா. தையல் பிரித்த மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். எங்கள் வீட்டின் பின்கட்டில் ஓடிய பேண்டேஜ் துணித் தறிகளையும் பார்த்துக்கொண்டு, துணியை மடித்துக் கட்டும் பெண்களையும் மேய்த்துக்கொண்டு, பஸ்ஸில் போய்ப் படித்து வந்தாள்.

ஆனால் லைசென்ஸ் டெஸ்ட்டில் எங்கள் காரைத்தான் கொண்டுபோனாள். மேட்டில் ஏறும்போது வண்டி திணறி, முக்கி, நின்றே போனது. "கிளட்ச்சுப் பழகிட்டு வாங்கம்மா" என்று இன்ஸ்பெக்டர் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "இன்னும் ஒரு தடவதான். அதுலயும் நின்னுச்சுன்னா இந்த ஆசைய விட்டுரணும். வண்டியக் கெடுக்க முடியாது."

அவ்வளவுதான், ஊரே வைத்தியராகிவிட்டது! தெருமுனை டீக்கடையில் ஒருவர் "டீசல்ல தண்ணி கலந்திருக்கும்" என்றார். "பம்ப்பு அவுட்டு" என்றார் இன்னொருவர். அப்பா ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார், பிரேக் பிடித்துக்கொண்டு சூடாகிறதா என்று; சூடில்லை. டீக்கடைக்கு எதிரே இருந்த பட்டறை மெக்கானிக் டீசல் பில்டரை மாற்றினார்; பலனில்லை. அடுத்து அவர் கேட்டார், "வண்டிய ஓட்டுறது யாரு மொதலாளி?" அப்பா அம்மாவைக் காட்டினார். அத்தோடு தீர்ந்தது. மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கிளட்ச்சுதான். வேற என்னத்தப் பாக்க?" என்றார். கிளட்ச் பிளேட்டை மாற்றினார்கள். புது பிளேட்டோடும் வண்டி இழுக்கவில்லை. "பிளேட்ட மாத்தலாம், காலை மாத்த முடியுமா?" என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. கெக்கேகெக்கே என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதை நான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறு டெஸ்ட்டுக்கு முந்தின நாள் காலை, அப்பா நூல் வாங்கப் போயிருந்த நேரம். அம்மா காரில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரைப் போட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்த சோதனையாம்; கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். "கிளட்ச்சு நல்லாத்தான பிடிக்கி!" என்றவள், மறுபடி ஸ்டார்ட் செய்து, "ஏட்டி, பின்னால போயி நில்லு. நான் மிதிக்கேன், புகை என்ன கலர்ல வருதுன்னு சொல்லு" என்றாள்.

"கருப்பும்மா! அட்டக் கருப்பு!"

இன்ஜினை அணைத்துவிட்டு அம்மா இறங்கி வந்தாள். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காற்று நுழையும் ஓட்டைகள் அடைத்துக்கொண்டால் இப்படித்தான் கருப்பாகப் புகையும். ஊசியால் குத்திவிட்டால் நீலமாக எரியும். "எண்ணெய் போகுது, காத்துப் போகல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானட்டைத் திறந்தாள். எது எதுவென்று அவளுக்கும் முழுசாகத் தெரியாது. காற்று நுழையும் வாயை மட்டும் தேடினாள். பெரிய சட்டி போன்ற ஏர் கிளீனரைக் கண்டுபிடித்து, அதன் மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டாள்.

துணி வந்தது. எங்கள் தறியில் நெய்த பேண்டேஜ் துணி! இழுக்க இழுக்க வந்தது. நாலு சுற்று, அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டியது. பஞ்சுத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி மாதிரித் தடித்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் மோர்ப்பானைக்கு மூடி, காபிக்கு வடிகட்டி, ஊறுகாய் ஜாடிக்கு வாய்க்கட்டு எல்லாமே இந்தத் துணிதான். தறிக்கூடத்துப் பஞ்சு இன்ஜினுக்குள் போய்விடக் கூடாதென்று கார் வாயையும் கட்டிவைத்திருந்தார் ஒரு புண்ணியவான். அந்த முடிச்சு யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. அப்பா இரட்டை முடிச்சுதான் போடுவார்.

அம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மூடியை மாட்டிவிட்டு, "ஏறுட்டி!" என்றாள்.

அடேயப்பா, அந்தப் பயணம்! பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவைத் துணைக்கு அழைத்து இடதுபக்கம் உட்காரவைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஏறினாள். மிதித்தாள். முதுகு சீட்டில் போய் ஒட்டியது! "எம்மா, எம்புட்டு வேகம்!" என்று நான் கத்த, மாமா சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "தாயி, மெதுவா, மெதுவா" என்றார். முன்னால் டவுன் பஸ். அம்மா ஒரு தடவை ஹாரன் அடித்து, விலகி, ஒரே மூச்சில் தாண்டினாள். நான் சன்னலுக்கு வெளியே அரை உடம்பை நீட்டி, கண்டக்டருக்கு இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். என் ஆயுளில் அதற்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் அப்பா வந்தார். அம்மா துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அப்பா அதைப் பார்த்தார், முடிச்சைத் தடவினார், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் டெஸ்ட்டுக்கு அவரும் வந்தார். அம்மா மேட்டில் பாதியில் நிறுத்தி, பிறகு ஒரு இஞ்சுகூடப் பின்னால் வராமல் ஏறி இறங்கினாள். "பாஸ். அடுத்த ஆளு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். திரும்பும்போதும் அம்மாதான் ஓட்டினாள். தெருமுனைக்கு வந்ததும் அப்பா, "இங்க செத்த நிறுத்து" என்றார். டீக்கடையில் வழக்கமான கூட்டம். மெக்கானிக்கும் கிளாசும் கையுமாக நின்றார். அப்பா இறங்கி, சட்டைப் பையிலிருந்து அந்த அழுக்குத் துணியை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கிளட்ச்சுலயும் கோளாறில்ல, இவ கால்லயும் கோளாறில்ல. காத்துப் போற வாயில நான் கட்டுன துணிதான் அம்புட்டையும் அடைச்சிருக்கு. நாம அத்தன பேரும் இவளச் சொன்னோம். நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். தப்பு என்னுது."

மெக்கானிக் கிளாசுக்குள் எதையோ தேடினார். நான் பின்சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காரை எப்போதோ இரும்புக்குப் போட்டாயிற்று. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை, பட்டறையும் இல்லை. இப்போது என் கார் சுணங்கினால் ஒரு வயரைச் செருகி, திரையைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுகிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த டீக்கடைப் பேச்சுக்கு முன்னும் சரி, பின்னும் சரி, தான் செய்த எந்தத் தப்பையும் அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டதே இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் உண்டு. அம்மாவிடம் சொன்னால், "போடி, அந்த ஒண்ணே எனக்குப் போதும்" என்பாள்.