பழனிச்சாமி மெல்லத்தான் தட்டினார்

1. வெள்ளை பெல்ட்

சிங்காநல்லூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது, முப்பத்தாறு வயதில் ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இன்றைக்குப் பிள்ளைகள் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று போய்ச் சேர்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த காரணம் ஒன்றும் பெருமையானதல்ல. மில் கேட்டில் நடந்த ஒரு தகராறில் எவனோ என் சட்டைக் காலரைப் பிடித்தான். நான் மரம்போல நின்றேன். ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பு ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிறு காலையில். கோச் ஜமால் பாய். கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருந்தவர், இளவயதில் பம்பாயில் இருந்தபோது ஜூடோ கற்றவர். விரிப்பைக்கூட அவரே தைத்திருந்தார். உள்ளே மில் கழிவுப் பஞ்சு, மேலே தார்ப்பாய்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். பழனிச்சாமி. என் டிபார்ட்மெண்டில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் பார்க்கும் பதிலி ஆள். பதிலி என்றால், பெர்மனெண்ட் ஆள் வராத அன்றைக்குத்தான் வேலை. தினமும் கேட்டில் வந்து நிற்க வேண்டும், சூப்பர்வைசர் கை காட்டினால் உள்ளே வரலாம். கை காட்டுகிறவன் நான். இங்கே அவர் இடுப்பில் மூன்று படி தாண்டிய பச்சை பெல்ட், என் இடுப்பில் புதுசாகச் சேர்ந்தவனின் வெள்ளை.

"ஏனுங்க சார், நீங்களுமா? வாங்க, வாங்க" என்றார்.

"ரெண்டு பேரும் குனிஞ்சு வணக்கம் சொல்லிக்குங்க. இங்க சாரெல்லாம் கெடையாது" என்றார் ஜமால் பாய். பழனிச்சாமி நன்றாகக் குனிந்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று முதலில் விழக் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு தட்ட. பிடி தாங்க முடியவில்லை என்றால் எதிராளியின் உடம்பிலோ விரிப்பிலோ கையால் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய அந்த நொடியே எதிராளி விட்டுவிட வேண்டும். மற்ற சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு விழ வந்தது, தட்ட வரவில்லை. பழனிச்சாமி மேலே படுத்து அமுக்கும்போது மூச்சு முட்டும், ஆனாலும் தட்டமாட்டேன். "செரி, செரி, உடு" என்பேன், மில்லில் அதட்டுகிற அதே குரலில். அவரும் உடனே விட்டுவிட்டு என்னைத் தூக்கி உட்கார வைப்பார்.

2. ஒரு நொடி

ஐந்து மாதம் கழித்து முழங்கைப் பூட்டு கற்றோம். எதிராளியின் கையைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தினால் முழங்கை நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். பழனிச்சாமி தன் வலக் கையை அவராகவே நீட்டினார்.

"நல்லா இழுத்துப் புடிங்க சார். அப்படித்தானுங்க, வந்துருச்சுங்க."

அதுவரை ஒருநாள்கூட நான் அவரை ஜெயித்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இடுப்பை உயர்த்தினேன்.

அவர் தட்டினார். என் காலிலேயே தட்டியிருக்கலாம், ஆனால் சூப்பர்வைசர் மேல் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. இடக் கையால் தார்ப்பாயில் மெதுவாக இரண்டு தட்டு. "போதுங்க சார்" என்றார்.

எனக்குக் கேட்டது. கேட்டும் ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தேன். இன்னும் பலமாகத் தட்டட்டுமே, நாலு பேருக்குக் கேட்கட்டுமே என்று நினைத்தேன். அவர் முழங்கைக்குள் ஏதோ நெரிந்தது என் தொடையில் தெரிந்தது.

ஜமால் பாய் ஓடி வந்தார். "என்னங்க, தட்டுனானா இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் பழனிச்சாமி முந்திக்கொண்டார். "நாந்தானுங்க பாய், லேட்டாத் தட்டிப்போட்டேன்."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

3. லிஸ்ட்

மறுநாள் கையில் கட்டோடு கேட்டில் வந்து நின்றார். அறுந்த இழையை ஒட்ட இரண்டு கையும் வேண்டும், எப்படி உள்ளே விடுவது? பதிலி ஆட்களில் மூன்று பேரை பெர்மனெண்ட் செய்ய அந்த வாரம்தான் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பழனிச்சாமி பெயரை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். டிபார்ட்மெண்டுக்குப் பெரியவரான ஸ்பின்னிங் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"இவனுக்குக் கை எப்படிங்க போச்சு?"

"ஏதோ ஜூடோ கிளாஸ்ல அடிபட்டுப்போச்சுங்க சார்."

"ஜூடோவா? இழை ஒட்டச் சொன்னா குஸ்தி போட்டுட்டுத் திரியறான். அவனை எடுத்துப்போட்டு வேற பேரைப் போடுங்க."

அந்த 'ஏதோ ஜூடோ கிளாஸு'க்கு நானும் போகிறேன் என்றோ, அவர் கையைக் கெடுத்தவன் நான்தான் என்றோ சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆட்கள் மறுபடி சிரிப்பார்களே என்ற பயம். என் பேனாவாலேயே அவர் பெயரை அடித்தேன். முப்பது வருட சர்வீசில் இதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

இரண்டு வாரம் மனசு குடைந்தபின், ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போத்தனூரில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார். ஒற்றைக் கையால் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

"எடது கைல குடுக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க சார்."

டம்ளரை வாங்கினேன், வாயருகே கொண்டுபோக முடியவில்லை. "பழனிச்சாமி, அன்னைக்கு நீ தட்டுனது எனக்குக் கேட்டுதப்பா" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"லிஸ்ட்ல பேரை அடிச்சதும் நான்தான்."

"அதையும் சொன்னாங்க." என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். "காப்பி ஆறுதுங்க சார்."

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஸ்பின்னிங் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்பச் சொல்லி என்ன பண்றதுங்க? லிஸ்ட் போயாச்சு" என்றார். பழனிச்சாமி எங்கள் கேட்டுக்கு மறுபடி வரவேயில்லை. தாராபுரம் பக்கம் ஒரு மில்லில் முதலிலிருந்து பதிலியாகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன்.

வகுப்பிலும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். ஜமால் பாய் என்னை வெளியே அனுப்பவில்லை. ஆறு மாதம் யார் கையையும் பிடிக்கவிடாமல் தட்ட மட்டும் வைத்தார். மற்றவர்கள் பூட்டுப் போடுவார்கள், நான் தட்டுவேன். ஒருவர்கூட ஒரு நொடி கூடுதலாகப் பிடித்ததில்லை.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். உங்கள் கையசைவுக்குக் காத்து நிற்கிறவர், உயிர் போகிற வலி என்றாலும் மெதுவாகத்தான் தட்டுவார். கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லிவிடலாம். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள், அவரும் பேசமாட்டார். ஆனால் உங்களுக்குக் கேட்டது என்று அவருக்குத் தெரியும்.