பழப்புளியில் ஊறிய தோட்டாக் கோதுகள்

என் அலுமாரியில் இருக்கும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றின் மூடியில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய சனி. எல்லாம் ஒருமுறை சுட்டவை. வேறு கோதுகளோடு கலக்கக் கூடாது."

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் போகும் தூரத்தில், காட்டோரமாக எங்கள் சுடுகழகம். அங்கே தமிழர் இரண்டே பேர்: நானும், என்னிலும் மூத்த ஓர் அண்ணையும். நாங்கள் சுடுவது கைத்துப்பாக்கி. சுட்டதும் வெறும் பித்தளைக் கோது வலப்பக்கமாகத் தெறித்து விழும். சுடுபவர் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் விழுந்தது சுட்டவருக்கு, முன்னால் உருண்டது கழகத்து வாளிக்கு. எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து வைத்த பிறகுதான் குனியலாம்.

குனிவது என் வேலை. அண்ணைக்கு முதுகு வளையாது. ஆனால் வெடிமருந்து அனுமதி அவரிடம்தான் இருக்கிறது. நான் பொறுக்கிக் கொடுப்பவற்றில் மருந்தும் புது ஈயமும் வைத்து, நிலக்கீழ் அறையில் மீண்டும் தோட்டாவாக்குவார். மருந்தளவுக் கையேடு அனுமதிக்கும் ஆகக்குறைந்த மருந்துதான் போடுவார். உணவகக் குசினியில் வருஷக்கணக்காகச் சட்டி தூக்கிய மணிக்கட்டு அவருடையது. கடைத் தோட்டாவின் உதைப்பை அது தாங்காது.

அந்த மாரியில் கழகத்தின் முதலாம் அணியில் ஓர் இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் அண்ணையைப் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நன்றாகச் சுட்டால் இடம் அவருக்கு. அவர் அதை வெகுகாலம் எதிர்பார்த்திருந்தவர். பழைய கோதுகள் பலமுறை சுட்டு வாய் வெடித்துப்போயிருந்ததால், முந்திய வாரச் சனி நான் பொறுக்கியவற்றைத்தான் நம்பியிருந்தார். அவற்றை ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் போட்டு, மூடியில் எழுதி, அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி மாலை தொலைபேசி எடுத்தார். "ஒருக்கா வாரும். வந்து பாரும்."

குசினி மேசையில், பழைய துவாயின் மேல் கோதுகள் காய்ந்துகொண்டிருந்தன. பித்தளை நிறம் போய், செம்புபோல் சிவந்திருந்தன. பக்கத்தில் குத்துவிளக்கு இரண்டும் பொன்னாக மின்னின.

"விளக்கீட்டுக்கு விளக்கு மினுக்கேக்கை அதுகளையும் பழப்புளிக்கை போட்டன்" என்றார் அவர் மனைவி. "ஒரே ஊத்தையாக் கிடந்தது. விடியும் வரைக்கும் ஊறினது."

"விளக்கும் விடியும் வரைக்கும் ஊறினதோ, அக்கா?"

"தம்பிக்கு விசரே? விளக்கைத் தேய்ச்ச உடனை கழுவ வேணும். இது பொடிசு பொடிசா, ஆர் இருந்து தேய்க்கிறது?"

அண்ணை ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா அப்பால் போனதும் குரலைத் தாழ்த்தினார். "புளிப்பிலை கனநேரம் கிடந்தா பித்தளையிலை இருக்கிற துத்தநாகம் கழண்டுபோகும். கோது பலம் இல்லையெண்டால் சுடேக்கை கிழியும்."

"மேலாலை மட்டும் நிறம் மாறியிருக்கலாம், அண்ணை."

"இருக்கலாம் எண்டதை நம்பி மருந்து போடேலாது."

"என்ன அங்கை குசுகுசுப்பு? பழுதாக்கிப்போட்டனோ?"

"சீச்சீ, நகைக்கடை மாதிரி இருக்கு!" என்றார் அண்ணை.

புதுக் கோது எடுப்பிக்க நாளில்லை. ஞாயிறன்று மணிக்கட்டில் பட்டி சுற்றிக்கொண்டு கடைத் தோட்டாவால் சுட்டார். முதல் சூடுகள் நடுவில் பட்டன. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அணியில் இடம் வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞருக்குப் போனது.

திரும்பும் வழியில், கார் ஒலிபெருக்கியில் அக்காவின் தொலைபேசிக் குரல் கேட்டது. "என்னவாம்? மினுக்கினதுகளைப் பார்த்தவையோ?"

"ஆர் மினுக்கினதெண்டு எல்லாரும் கேட்டவை."

"சொன்னனீங்களோ?"

"ஓம், ஓம். இடந்தான் கிடைக்கேல்லை. கை நொந்துபோச்சு."

அழைப்பு முடிந்ததும் நான் சொன்னேன்: "கார்ல்ஸ்ரூஹேயிலை உலோகம் படிக்கிற பெடியன் ஒருத்தனைத் தெரியும். ரெண்டு கோதைக் குடுத்துச் சோதிப்பிப்பம்."

அண்ணை தலையை ஆட்டி மறுத்தார். "வேண்டாம். பழுதெண்டு வந்தாச் சரி. நல்லதெண்டு வந்தால், இடத்தைச் சும்மாவெல்லோ விட்டுக்குடுத்தனான்." கார் நின்றபோது சுடக் கொண்டுபோவதுபோல் வீட்டிலிருந்து எடுத்துவந்த கோதுப் பெட்டியை என் மடியில் வைத்தார். "நீரே வைச்சிரும். அவளின்ரை கண்ணிலை படவேண்டாம்."

மூடியில் பிறகு ஒரு வரி சேர்த்தேன்: "பழப்புளியில் ஓர் இரவு. பலம் இழந்தனவா என்பது சோதிக்கப்படவில்லை." இதுவரை அப்படியே இருக்கிறது.