அம்மாவின் ஐந்து நிமிடம்

அம்மா சங்கராபுரத்தில், நான் வெள்ளிமலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். அம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் ரமலான் நோன்பை விடமாட்டாள். தினமும் மாலையில் போன் செய்து, தெருவில் கேட்கும் பள்ளிவாசல் பாங்கை எனக்கும் கேட்கவைப்பாள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் தானும் போடுவாள். மலையில் சிக்னல் இருந்தால்தானே? ஒரு நாள் லைன் கிடைக்கவே இல்லை. பாங்கு முடிந்தும் என் குரலுக்காகக் காத்திருந்தவள், கை நடுங்கி வியர்த்துச் சாய்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அக்காதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாராம்.

அதன்பின் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. எப்போதோ படித்த சார்பியல் நினைவுக்கு வந்தது. தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் 'ஒரே நேரம்' என்பதை யாரும் நேரில் பார்க்க முடியாது. செய்தி போய்த் திரும்பும் நேரத்தில் பாதிதான் போவதற்கு என்று ஒப்புக்கொண்டு, கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் லைன் கிடைத்ததும், "நான் 'ஆங்'னு சொன்னா நீயும் உடனே சொல்லும்மா" என்றேன்.

"இன்னாடி வெளாட்டு இது?" என்றாலும் சொன்னாள். குரல் திரும்பி வர இரண்டு வினாடி. அதில் பாதி, ஒரு வினாடியைச் சேர்த்து மணி சொன்னேன்; சுவர்க் கடிகாரத்தில் முள்ளை வைத்தாள். இனி போன் வேண்டாம், அவரவர் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறப்போம் என்றேன்.

"நீ சாப்ட்டது எனக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது. நம்பணும்."

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கிளம்பி வந்தேன். வாசலில் கால் வைக்கும்போது பாங்கு ஒலித்தது. அம்மா பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஐந்து நிமிடம் பின்னால் இருந்தது.

"பாங்கு சொல்லியாச்சு, இன்னும் இன்னா பாத்துக்கினு இருக்க?"

"நீ மொதல்ல சாப்ட்டுருக்கணும்னு நான்தான் தள்ளி வெச்சேன்."

கோபம் தலைக்கேறியது. அவள் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி வாயருகே நீட்டினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து என் வாயருகே நீட்டினாள். யார் முதலில் வாயைத் திறந்தோம் என்று எனக்குத் தெரியாது.

மலைக்குத் திரும்பும்போது முள்ளைச் சரியாக வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தெரிந்துவிட்டது, இந்நேரம் அவள் மறுபடி தள்ளி வைத்திருப்பாள். அன்று மாலை மணி ஆனதும் பழத்தை வாயில் போட்டேன். ஐந்து நிமிடம் விழுங்க முடியவில்லை.