மங்கம்மாளுக்குப் போட்ட இலை

“கத்தியில குத்துனாத்தான் சார் கைதட்டு விழும். பட்டினி கிடந்து செத்தா எவன் பார்ப்பான்?”

“யாருமே குத்தலையேப்பா! நடக்காததக் காட்டுனா அதுக்குப் பேரு சரித்திரமா?”

“இது பாட்டு நாடகம் சார். பரீட்சைப் பேப்பர் இல்ல.”

“அப்ப எங்க பொண்ணும் உனக்கு இல்ல. கெளம்பு.”

பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கும் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே சுவர்தான். சண்டை தானாகவே காதில் விழுந்தது. சரி, நாற்காலி போட்டும் ஏறி நின்றேன். இதற்குப் பிறகு நடந்ததை நம்பாதவர்கள், சூரியபிரகாஷின் வலது கையைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

முதலில் கத்தியவன் அவன்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். ராணி மங்கம்மாளைப் பற்றி இசை நாடகம் எழுதி, இயக்கி, சிறைக் காவலனாகவும் நடித்தான். பதிலுக்குக் கத்தியவர் பத்ரிநாத், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். அவருடைய அக்கா மகள் பிருந்தாதான் மங்கம்மாள். அவளுக்கும் சூரியபிரகாஷுக்கும் காதல். சௌராஷ்டிர வீட்டுப் பெண்ணை வெளியே கொடுக்க மாமாவுக்கு மனமில்லை. ஒருவழியாகப் பையன் விரலில் நிச்சய மோதிரம் போட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். நாடகத்தில் ஒரு பொய் இருந்தாலும் கல்யாணம் கிடையாது. சீர்வரிசையாகச் சரித்திரத்தைக் கேட்ட ஒரே மனிதர்!

வயதான ராணியை அடைத்துவைத்து, கைக்கு எட்டாத தூரத்தில் சாப்பாட்டை வைத்து, வாசனை காட்டியே சாகடித்தார்கள் என்று மதுரையில் ஒரு பேச்சு உண்டு. அது அப்படியே மேடையில் வர வேண்டும், சோறும் நிஜச் சோறாக இருக்க வேண்டும் என்றார் பத்ரிநாத். பெண்ணுக்காகப் பையன் பணிந்தான். பழைய இரும்புக் கடையில் கம்பிக் கதவுகள் வாங்கி மண்டபத்துக்குள்ளேயே கூண்டு கட்டினான்.

கூண்டுக்குள் பிருந்தா. வெளியே தலைவாழை இலையில் சோறு, பருப்பு, நெய், கிண்ணத்தில் ரசம். அவள் பாடிக்கொண்டே கை நீட்டுவாள். விரல் தொடப்போகும் நேரம் சூரியபிரகாஷ் இலையைச் சரக்கென்று இழுப்பான். ஒத்திகை முடிந்ததும் அந்தச் சாப்பாடு எல்லோருக்கும் பங்கு. எனக்கும்தான், பக்கத்து வீடு என்றால் சும்மாவா?

முதல் நாள் இலையில் வைத்திருந்த ரசத்தில் உப்பில்லை. புளிப்பில்லை. காரமும் இல்லை. வெறும் வெந்நீர். சமையல்கார முத்துப்பாண்டியைக் கேலி செய்தேன்.

“அக்கா, அண்டாவுல இருக்குறதக் குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க.”

குடித்தேன். அதில் எல்லாமே சரியாக இருந்தது.

மறுநாள் சோற்றில் ஐந்து விரல் பதிந்த பள்ளம். யாரும் கை வைக்கவில்லை. அன்றைக்குப் பாட்டின் நடுவே பிருந்தாவின் குரல் இறங்கியது... கரகரத்தது.

“ஆகலி... ஆகலி...”

பத்ரிநாத் துள்ளி எழுந்தார். “பசிக்குதுன்னு தெலுங்குல சொல்றா! நாயக்கர் வீட்டுப் பேச்சு அதான! யாரும்மா சொல்லிக் கொடுத்தா?”

பிருந்தா விழித்தாள். “நான் பாட்டு மட்டுந்தான மாமா பாடுனேன்?”

“நல்லாருக்கு சார், இதையும் சேத்துக்குவோம்” என்றான் சூரியபிரகாஷ். பயப்பட வேண்டிய இடத்தில் மாமனும் மாப்பிள்ளையும் பூரித்துப்போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. சாயங்காலம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. தெருவில் மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

இலை போட்டார்கள். சோற்றில் ஆவி பறந்தது.

அது மேலே போகவில்லை. கம்பிகளுக்குள் போனது.

பாட்டு நின்றது. ஆர்மோனியமும் நின்றது.

“ஆகலி...”

சூரியபிரகாஷ் சிரித்துக்கொண்டே இலையை இழுத்தான்.

டங்!

கம்பியில் தலை மோதிய சத்தம். டங்... டங்... சோற்றில் ரத்தம் தெறித்தது.

ஒரு கை வெளியே வந்தது. பிருந்தா பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். இந்தக் கையில் வளையல் இல்லை. எலும்பும் தோலும்... அவ்வளவுதான்.

அது இலையைப் பிடிக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தது. தோள்வரை உள்ளே இழுத்தது.

மடக்.

“விடுடி பிருந்தா... ஐயோ... விடு!”

நான் கூண்டுக்குள் பார்த்தேன். பிருந்தா பின்மூலையில் மயங்கிக் கிடந்தாள். நெற்றி பிளந்திருந்தது.

அப்படியென்றால் கம்பியருகே...

மெல்லும் சத்தம் கேட்டது.

பத்ரிநாத் அவனைப் பிடித்து இழுத்ததும் கை வெளியே வந்தது. மோதிர விரல் இல்லை. மோதிரமும் இல்லை. கூண்டைக் கழுவித் தேடியும் இரண்டும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் சொந்தக்காரர்கள் திரண்டுவிட்டார்கள். “கடிச்சது அந்தப் பொண்ணுதான். போலீசுக்குப் போவோம். கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல!” நான் காப்பி பிளாஸ்கோடு நடுவில் நின்றேன். விஷயம் தெரிய வேண்டாமா?

டாக்டர் வெளியே வந்தார். “கூட இருந்த வயசானவங்க யாரு?”

“ஏன் டாக்டர்?” என்றார் பத்ரிநாத்.

“தேஞ்ச பல்லு. பாதிப் பல்லு இல்லாத வாய் கடிச்சிருக்கு.”

பிருந்தாவுக்குப் பல் முப்பத்திரண்டும் வரிசையாக, முழுசாக இருக்கின்றன. கூட்டம் அடங்கியது. சூரியபிரகாஷின் அம்மா ஒச்சாயி மட்டும் பத்ரிநாத்தின் முன்னால் வந்து நின்றார்.

“பசியோட போனவுகளுக்கு எலை போட்டா, கதவச் சாத்திட்டு வெளிய வந்துரணும் வாத்தியாரே. அவுக திங்கணும்ல? நீங்க போட்டுப் போட்டுப் பிடுங்கிருக்கீக. அன்னைக்கு அவுகளுக்குச் செஞ்சத அப்பிடியே மறுபடி செஞ்சிருக்கீக. ரொம்பச் சரியான சரித்திரம்!”

நாடகம் நின்றது. கல்யாணம் நடந்தது, அதே மண்டபத்தில். ஒச்சாயி முதல் இலையைப் பந்தி அறையில் போட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் பெண்ணை மணையில் உட்காரவைத்தார்.

எல்லோரும் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். நான் அந்தக் கதவில் காது வைத்திருந்தேன்.

மெல்லும் சத்தம்... நிதானமாக.

பிறகு கதவைத் திறந்தார்கள். இலை மடக்கியிருந்தது. விருந்து சாப்பிட்டவர்கள், இன்னொரு முறையும் வருவோம் என்று தங்கள் பக்கமாக மடக்குவார்களே, அப்படி.

பிருந்தா பிரித்தாள். ஒரு பருக்கை இல்லை. நடுவில் மோதிரம் மட்டும் கிடந்தது.

புதுமணத் தம்பதி ஒத்தக்கடைக்குக் குடிபோய்விட்டார்கள். பத்ரிநாத் திருமங்கலத்துத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மண்டபத்தை ஒட்டி இருப்பது இப்போது நான் மட்டும்தான்.

நேற்று என் வீட்டு ரசத்தில் உப்பில்லை.

போட்டிருந்தேன்.