விதவைப் பேய் கண்டுகொள்ளாத புவாலா

புவாலாவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அவள் வண்டியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும் நீலப் பிக்கப் அவளுடையது. பின்னால் இரண்டு பக்கமும் பலகை, மேலே தகரக் கூரை, நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். என் மகள் பிம்மும் அதில்தான் போனாள். கால்வாய்க் கரை ரோட்டில் அந்த வண்டியை ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், எதிரே கரும்பு லாரி.

நாற்பத்தாறு வயது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. தன் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளே கேட்டுச் சிரிப்பாள். பிள்ளை கிடையாது. வண்டியில் ஏறுகிறதெல்லாம் தன் பிள்ளை என்பாள், அப்படியே நடந்தும்கொள்வாள். மழையில் நனைந்த பையனுக்குத் தன் துண்டைக் கொடுப்பாள், பல் தேய்க்காமல் வந்தவனைத் திரும்ப வீட்டுக்கு விரட்டுவாள். ஒரே குறை, தூக்கம். பப்பாளிக்காயைச் சீவி இடித்து விற்கிற என் கடை பெஞ்சில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக்கொண்டே தூங்குவாள். கல்யாண வீட்டில் தூங்குவாள். பிக்கு உபதேசம் செய்யும்போது எல்லோரும்தான் தூங்குகிறோம், இவள் பிக்கு வந்து உட்காரும் முன்பே தூங்குவாள்.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "பாவம், ராத்திரி பூரா புருஷனக் காவல் காக்குறா" என்றுதான் ஊரில் பேச்சு.

புருஷன் பெயர் கம்பான். அவன் தம்பி சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவன், காலையில் எழுந்திருக்கவில்லை. காரணம் கேட்டால் தாய்லாந்தின் வடகிழக்கில் எங்கள் இசான் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், விதவைப் பேய் என்று. ஆண் துணை தேடி அலைகிற பேய். தூங்குகிற ஆம்பிளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, மூச்சை நிறுத்தி, இழுத்துக்கொண்டு போய்விடும். அதை ஏமாற்ற வேண்டுமானால் ஆம்பிளை பொம்பிளையாகத் தெரிய வேண்டும். தம்பியின் அஸ்தி ஊர் வந்து சேர்ந்த கையோடு புவாலா கம்பானின் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினாள். படுக்கப் போகும்போது தன் பூப்போட்ட பாவாடையைக் கட்டிவிட்டாள். வேலியில் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: இந்த வீட்டில் ஆண் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? "கம்பான் அக்கா, என்ன சாயம் வாங்குறீங்க? எனக்கும் சொல்லுங்க" என்றேன்.

"சிரி, சிரி. பேய் வந்தா உன் வீட்டுக்காரனத்தான் கை காட்டுவேன்" என்றாள் புவாலா.

"தாராளமாக் காட்டு. திருப்பிக் கொண்டாந்து விட வேணாம்னு மட்டும் சொல்லிடு."

எங்கள் சுகாதார நிலையத்தில் இருப்பவள் ரத்திகான். டாக்டர் இல்லை, ஆனால் ஊருக்கு அவள்தான் டாக்டர். அவள் கம்பானை நகரத்துக்கு அனுப்பி நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்க்கச் சொன்னாள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு கேட்டாள், குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று. புருஷனுக்கு முந்திக்கொண்டு புவாலா பதில் சொன்னாள். "உண்டு. நிக்குது. திணறிக்கிட்டு ஒரு சத்தம் வரும் பாரு, அதுலதான் நான் ராத்திரி பூரா திடுக்குனு முழிச்சுக்கிறேன்."

"தூக்கத்துல மூச்சு அடைச்சுக்கிற வியாதியா இருக்கலாம். ராத்திரி தங்கவச்சு மெஷின் மாட்டிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றாள் ரத்திகான். அந்த மெஷின் இருப்பது பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில். அங்கே பெயர் கொடுத்தால் அடுத்த மழைக்காலம் தாண்டித்தான் முறை வரும். அதுவரை வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லி அனுப்பினாள். மல்லாந்து படுக்கக் கூடாது. தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும். சாராயம் கூடாது, தூக்க மாத்திரை கூடவே கூடாது, உடம்பு இளைக்க வேண்டும். முடிந்தால் ஒரு ராத்திரிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கொண்டுவர வேண்டும்.

புவாலா விடுவாளா? கம்பானின் சட்டை முதுகில் பை தைத்து அதற்குள் ஒரு பிரம்புப் பந்தை வைத்தாள், மல்லாந்தால் உறுத்தும். அவன் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்தாள். சாராயப் புட்டியை எருமைத் தொட்டியில் கவிழ்த்தாள். "எருமைக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று கம்பான் என் கடையில் வந்து புலம்பினான். அவன் இளைத்தான். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் புவாலாவின் தூக்கம் மட்டும் குறையவே இல்லை. ஒருநாள் வண்டியின் முன்சக்கரம் வயலுக்குள் இறங்கிவிட்டது. நாய் குறுக்கே வந்தது என்றாள். பிம் வீட்டுக்கு வந்து, "நாயெல்லாம் எதுவும் வரலம்மா" என்றாள்.

அந்த வாரம்தான் பதிவு செய்தார்கள். மத்தியானம் சாய்கிற நேரம், என் கடையில் நல்ல கூட்டம். ரத்திகானும் சாப்பிட வந்திருந்தாள். புவாலா போனை எடுத்து, நான் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கரில் சொருகினாள்.

"வேணாம்டி, மானத்த வாங்காத" என்றான் கம்பான்.

"ஊரே கேக்கட்டும். நான் படுற பாடு தெரிய வேணாமா?"

குறட்டை ஆரம்பித்தது. அடேயப்பா, நெல் அரைக்கிற மில் கெட்டது போங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விடப் புவாலா அதிகமாகச் சிரித்தாள். கம்பான் தலையைக் குனிந்துகொண்டான். திடீரென்று சத்தம் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் சிரிப்பும் நின்றது.

"கேட்டுக்கோங்க, இப்பதான் பேய் மேல உக்காந்திருக்கு" என்றாள் புவாலா.

யாரும் சோற்றைத் தொடவில்லை. போன் ஓடிக்கொண்டே இருக்கிறது, மூச்சு வரவில்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கம்பானின் குரல், தெளிவாக. "புவாலா, கொசுவத்தி எங்க வச்ச?"

பதில் இல்லை. யாரோ எழுந்து நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். அதற்கப்புறம்தான், தண்ணீரில் மூழ்கினவர் மேலே வந்து வாயைப் பிளப்பதுபோல ஒரு திணறல், உடனே மறுபடி குறட்டை. வெளியே போன கம்பான் தூரத்தில் இருமுகிறான். குறட்டை பக்கத்தில் கேட்கிறது.

எனக்கு உலக்கை கையிலிருந்து நழுவி உரலில் விழுந்தது. எல்லோரும் புவாலாவைப் பார்த்தோம். அவள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் இல்ல" என்றாள்.

ரத்திகான் கம்பானிடம் திரும்பினாள். "இவங்களுக்கு மூச்சு நிக்கிறது உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"குறட்டை விடுவான்னு தெரியும். பொம்பளை குறட்டைய வெளிய சொன்னா அவளுக்குக் கேவலம்னு சொல்லல."

"மூச்சு நிக்கிறது?"

அவன் சிவப்பு நகத்தைச் சுரண்டினான். "ரெண்டு மூணு வாட்டி பாத்தேன். பேய் பொம்பளைய எடுக்காதேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை உலக்கையால் நாலு போட்டிருப்பேன். ஆனால் நான் மட்டும் என்ன நினைத்திருப்பேன்? அதைத்தானே நினைத்திருப்பேன்.

ரத்திகான் மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுல யாராவது தூக்கத்துலயே போயிருக்காங்களா அக்கா?"

"எங்க பக்கம் ஆம்பளைங்க யாருமே அப்படிப் போகல."

"பொம்பளைங்க?"

"எங்கம்மா. அப்புறம் பெரியக்கா. அதெல்லாம் நல்ல சாவும்மா, ரெண்டு பேருமே புண்ணியவதிங்க, ஒருத்தருக்கும் சிரமம் குடுக்காம தூக்கத்துலயே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

இரண்டு பேரின் சாவுக்கும் நான் போயிருக்கிறேன். ஐம்பதுகூட ஆகவில்லை இரண்டு பேருக்கும். போய் உட்கார்ந்து, மீன் குழம்போடு சோறு சாப்பிட்டு, "கொடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரே அப்படித்தான் சொன்னது. ஆம்பிளை தூக்கத்தில் செத்தால் பேய், பலகை, நகச்சாயம். பொம்பிளை செத்தால் புண்ணியம். எத்தனை புண்ணியவதிகளை எரித்திருக்கிறோமோ தெரியவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். புவாலா எழுந்து போய் வண்டியில் ஏறிக் கிளப்பினாள். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன்.

"இறங்கு புவாலா. இன்னிக்கு நீ ஓட்ட வேணாம்."

"நான் போகாட்டி யாரு போவா? புள்ளைங்க வெயில்ல நிக்கும்."

"கம்பான் போகட்டும்."

"அவனா? அவன் கியர் போட்டா வண்டிக்கு விக்கல் எடுக்கும். பதினோரு வருஷமா ஓட்டுறேன் தெங் அக்கா. ஒரு புள்ளைக்குச் சிராய்ப்பு பட்டிருக்கா சொல்லு. போன்ல ஏதோ சத்தம் வந்துச்சாம், உடனே நான் பொணமாயிட்டேனா?"

கம்பானைக் கூப்பிடத் தலையைத் திருப்பினேன். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். சீக்கிரம் வா என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் திரும்பினால், புவாலாவின் தாடை நெஞ்சில் இருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் சிவந்த முகம் அப்படியே இருக்க, வாய் மட்டும் திறந்திருந்தது. அந்தக் குறட்டை வந்தது. ஸ்பீக்கரில் கேட்ட அதே குறட்டை, பட்டப்பகலில்.

நான் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகி எடுத்தேன். எஞ்சின் நின்றதும் கண்ணைத் திறந்தாள். "சிராய்ப்பு பட்டிருக்கா சொல்லு" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை, இறங்கி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கம்பான் வண்டிக்கு விக்கல் எடுக்கவைத்துக்கொண்டே போனான்.

அன்றே ரத்திகான் அவசரம் என்று எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். வரிசையில் பெயர் மேலே வந்தது, ஆனாலும் மாதங்கள் இருக்கின்றன. "அதுவரைக்கும் வீட்டுல செய்யுறது முட்டுக் குடுக்கிறதுதான், மருந்து இல்ல. மெஷின் வச்சுப் பாக்காம வண்டி தொடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கம்பானுக்குச் செய்ததெல்லாம் இடம் மாறியது. பிரம்புப் பந்து புவாலாவின் சட்டைக்குப் போனது. செங்கற்கள் அவள் கட்டிலுக்கு நகர்ந்தன. இருமலுக்கென்று அவள் ராத்திரி குடித்துவந்த, தூக்கம் தரும் மருந்து குப்பைக்குப் போனது. என் கடையில் வறுத்த கோழி கேட்டால் வெறும் பப்பாளியும் கீரையும்தான் கொடுத்தேன். "நீ எனக்கு எதிரி" என்றாள், தின்றாள். காவல் காக்கிற வேலை கம்பானுடையது. மூச்சு நின்றால் தோளைப் பிடித்து ஒருக்களிக்க வைப்பான். ஒருநாள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து வந்தவன், "தெங் அக்கா, அவ செத்துச் செத்துப் பொழைக்கிறா" என்று சொல்லி அழுதான். முதல் முறையாக அவனைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு காலையில் நான் பப்பாளி சீவிக்கொண்டிருக்கும்போது புவாலா வந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் சந்தோஷமாக இல்லை. எதையோ பார்த்துப் பயந்தவள்போல நின்றாள்.

"தெங் அக்கா, காலைல எழுந்ததும் உனக்குத் தல கனக்குமா?"

"இல்லையே."

"நாக்கு வறண்டு ஒட்டிக்குமா? கண்ணு முன்னாடி புகை மூட்டமா இருக்குமா?"

"ஏன் இருக்கணும்? தூங்கி எழுந்தா தெளிவாத்தான் இருக்கும்."

"தினமுமா?"

"தினமும்தான். எல்லாருக்கும்தான்."

"எனக்கு இன்னிக்குத்தான் தெளிவா இருந்துச்சு." பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரோட்டில் கம்பான் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். பிம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறினாள். வண்டி கால்வாய்க் கரைப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் புவாலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முழிச்சிருக்கிறதுன்னா இதுதான்னா," என்றாள், "அப்ப நான் பதினோரு வருஷமா தூங்கிக்கிட்டேதான் புள்ளைங்கள ஓட்டிட்டுப் போயிருக்கேன்."